ஆய்விதழில் அறிவித்த ஆதாய முரணைப் பத்திரிகையாளர் முன்னும் சொல்ல வேண்டுமா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் பாடம் நடத்துகிறேன். ஆய்வு நெறிமுறை வகுப்பில் ஆதாய முரண் (ஆய்வாளரின் சொந்த ஆதாயம் ஆய்வின் நடுநிலையைக் கெடுக்கக்கூடிய நிலை) என்ற தலைப்பு வரும்போதெல்லாம் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு விவகாரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் ஒன்றாகப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998 பிப்ரவரியில் 'தி லான்செட்' மருத்துவ ஆய்விதழில் 12 குழந்தைகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையும், அது 2010 பிப்ரவரியில் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டதும் இங்குள்ள பலரும் அறிந்தவையே.

சென்ற வாரம் ஒரு மாணவி இரண்டு கேள்விகள் கேட்டார். முதலாவது, அந்தக் குழந்தைகளின் மருத்துவ விவரங்கள் கட்டுரையில் திரித்துக் காட்டப்பட்டிருந்தன என்று பின்னாளில் வெளிப்பட்டுவிட்ட நிலையில், தடுப்பூசி உற்பத்தியாளர்கள்மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞர் வழியாக வேக்ஃபீல்டு பணம் பெற்றதை நாம் ஏன் தனிக் குற்றமாக எண்ணிப் பேசுகிறோம்? தரவு சரியாக இருந்து பணத்தை மட்டும் மறைத்திருந்தால் யாருக்கு என்ன இழப்பு நேர்ந்திருக்கும்? இரண்டாவது, தடுப்பூசிக்கும் அக்குழந்தைகளிடம் கண்ட நோய்க்குறித் தொகுப்புக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கட்டுரையே சொல்கிறது. பீதியைக் கிளப்பியது கட்டுரை வெளிவந்ததையொட்டி நடந்த செய்தியாளர் கூட்டந்தான். ஆய்விதழ்களுக்கு ஆதாய முரண் படிவம் இருக்கிறது. செய்தியாளர் கூட்டத்துக்கு அப்படி என்ன இருக்கிறது? கேட்காத நிருபரிடம் ஆய்வாளர் தாமாக முன்வந்து தமது பண உறவுகளைச் சொல்லக் கடமைப்பட்டவரா?

முதல் கேள்விக்கு என்னிடம் ஓரளவு விடை உண்டு. இரண்டாவதற்கு ஆய்விதழ்த் துறையிலும் செய்தித் துறையிலும் பட்டறிவு உள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: மருதநிலவன்

வணக்கம் பேராசிரியர் அவர்களே. சில ஆண்டுகள் நிறுவன நெறிமுறைக் குழு ஒன்றில் இருந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

தரவு தவறு என்பதும் பணம் மறைக்கப்பட்டது என்பதும் இரண்டு தனித்தனிக் குற்றங்கள் என்று மாணவி எடுத்துக்கொள்கிறார். இந்த வழக்கில் அவை அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. கட்டுரை வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1996இல், தடுப்பூசி உற்பத்தியாளர்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞர் வேக்ஃபீல்டை நிபுணராக அமர்த்தியிருந்தார். அரசின் சட்ட உதவி வாரியம் ஆய்வுக்கென 55,000 பவுண்டு ஒதுக்கியது. 2004 பிப்ரவரியில் 'சண்டே டைம்ஸ்' இதழில் பத்திரிகையாளர் பிரையன் டியர் வெளிக்கொண்டுவந்த செய்தி இதுதான். நிபுணர் என்ற முறையில் வேக்ஃபீல்டு தனிப்படப் பெற்ற கட்டணம் செலவுகள் நீங்கலாக 4,35,643 பவுண்டு என்ற விவரம் 2006இன் இறுதியில்தான் வெளியானது. இவை போக, எம்.எம்.ஆர். தடுப்பூசியின் சந்தை சரிந்தால் பயன்தரக்கூடிய தனித் தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றுக்கு, அவரைக் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராகக் காட்டி 1997 ஜூனிலேயே காப்புரிமை விண்ணப்பம் கொடுக்கப்பட்டிருந்தது.

இப்போது 1998இல் அந்தக் கட்டுரையைப் படித்த ஒரு குழந்தை நல மருத்துவரின் இடத்தில் மாணவியை நிறுத்திப் பாருங்கள். மருத்துவமனைப் பதிவேடுகள் அவர் கைக்கு எட்டாதவை; தரவு திரிக்கப்பட்டதா என்று அறிய அவருக்கு எந்த வழியும் இல்லை. குடல் கோளாறுக்காக அடுத்தடுத்துப் பரிந்துரைக்கப்பட்டு வந்த குழந்தைகள் என்று கட்டுரை சொன்னதை அவர் நம்பித்தான் ஆக வேண்டும். ஆய்வாளர்களில் ஒருவர் தடுப்பூசி வழக்கில் ஒரு தரப்பின் ஊதியம் பெறும் நிபுணர் என்ற ஒரே ஒரு வரி கட்டுரையின் அடியில் இருந்திருந்தால், அவர் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, 'இந்தப் பிள்ளைகள் இந்த மருத்துவமனைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?' என்பதாக இருந்திருக்கும். கட்டுரையின் உயிர்நிலையே அந்தக் கேள்வியில்தான் இருந்தது. தடுப்பூசிமீது ஏற்கெனவே குறைபட்டுக்கொண்டிருந்த பெற்றோரின் குழந்தைகள், வழக்கோடும் தடுப்பூசி எதிர்ப்பு இயக்கத்தோடும் தொடர்புள்ள வழிகளில் அங்கு வந்து சேர்ந்திருந்தால், 12 பேரில் 8 பேரின் பெற்றோரோ மருத்துவரோ தடுப்பூசியைக் காரணமாகச் சொன்னார்கள் என்பதில் வியப்படைய ஒன்றுமே இல்லை. மறைக்கப்பட்ட பணம் மாதிரித் தேர்வின் சாய்வையும் சேர்த்தே மறைத்துவிட்டது.

இன்னொரு விவரமும் வகுப்புக்குப் பயன்படும். கட்டுரை வெளிவந்த சில வாரங்களுக்குள்ளாகவே பொதுச் சுகாதார மருத்துவர் ஒருவர் இந்த வழக்குத் தொடர்பைச் சுட்டிக்காட்டி லான்செட்டுக்குக் கடிதம் எழுதினார். 1998 மே மாத இதழில் வேக்ஃபீல்டு அதற்குப் பதிலளித்தபோது, தாம் மட்டும் சட்ட உதவி வாரியத்துக்காக இக்குழந்தைகளுள் சிலரை மதிப்பிட்டுத்தர ஒப்புக்கொண்டிருப்பதாகவும், அதனால் ஆதாய முரண் எதுவும் இல்லை என்றும் எழுதினார். அவர் எதையும் அறிவிக்கவில்லை என்று சொல்வது ஆகவே முற்றிலும் சரியன்று. எவர் கண்ணிலும் படாத இடத்தில், தொகையையும் காலத்தையும் விட்டுவிட்டு, சிறிதளவு அறிவித்தார். பிற்பாடு வெளிவந்தால் உங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் உண்டா என்பதே அந்நாளில் லான்செட் தன் ஆசிரியர்களுக்கு வைத்திருந்த அளவுகோல். தமக்குச் சங்கடம் தராது என்று ஒருவர் உறுதியாக நம்பிவிட்டால் அந்த அளவுகோல் எதையும் அளப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தரவு சரியாக இருந்திருந்தால் என்ன இழப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். அறிவிப்பு என்பது தீர்ப்புக்குப் பின் சொல்லப்படும் வாக்குமூலம் அன்று. எது உண்மை என்று எவருக்கும் தெரியாத வேளையில் படிப்பவர் எவ்வளவு ஐயத்தோடு படிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் தகவல். முடிவு பிற்பாடு சரியென்று நிறுவப்பட்டாலும், அந்தத் தகவலை வாசகரிடமிருந்து பறித்தது பறித்ததுதான்.

மறுமொழி 2: குறிஞ்சிப்பாடி வாசகர்

மருதநிலவன் அவர்களின் பதில் நன்று. ஒரு துணைக் குறிப்பை மட்டும் சேர்க்கிறேன். வகுப்பில் இவ்விவகாரத்தைச் சொல்லும்போது அக்குழுவில் இருந்த அனைவரையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. உடன் எழுதியவர்களுள் 10 பேர் 2004 மார்ச்சிலேயே கட்டுரையில் தடுப்பூசித் தொடர்பு பற்றித் தந்திருந்த விளக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2010 மே மாதம் வேக்ஃபீல்டோடு சேர்த்து மூத்த குடல்நோய் மருத்துவர் ஜான் வாக்கர்-ஸ்மித்தின் பெயரையும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. ஆனால் 2012இல் உயர் நீதிமன்றம் வாக்கர்-ஸ்மித் மீதான அந்த முடிவை ரத்து செய்தது. வேக்ஃபீல்டு மீதான முடிவு அப்படியே நிற்கிறது.

மறுமொழி 3: பழைய நிருபர்

நான் பல ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் நிருபராகவும், பின்னர் செய்தி மேசையிலும் பணியாற்றியவன். இரண்டாவது கேள்விக்கு என் பதில், ஆம், கேட்காவிட்டாலும் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1998 பிப்ரவரி 26 அன்று ராயல் ஃப்ரீயில் நடந்த கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைத் தரப்பு தொலைக்காட்சி நிலையங்களுக்கென்று தனி ஒளிப்பதிவு ஒன்றையே தயாரித்து வழங்கியது. இந்தப் பிரச்சினை தீரும் வரை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த ஊசியைத் தொடர்ந்து பயன்படுத்துவதைத் தாம் ஆதரிக்க இயலாது, தனித்தனியாகப் போடலாம் என்று வேக்ஃபீல்டு சொன்னார். கட்டுரையில் இந்தப் பரிந்துரை கிடையாது. ஆகவே வெளியீட்டுக்கு முன் கட்டுரையைச் சோதிக்கும் சக மதிப்பீட்டாளர் எவரும் இதைப் பரிசீலித்திருக்க வாய்ப்பும் இல்லை. அதே மேடையில் அமர்ந்திருந்த மருத்துவக் கல்லூரித் தலைவர் ஆரி சக்கர்மேன், உலகெங்கும் கோடிக்கணக்கில் போடப்பட்ட பாதுகாப்பான ஊசி இது என்று வலியுறுத்தினார். செய்தி மேசையில் இருந்த எவரும் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் ஆபத்து என்கிறார், மற்றவர் ஆபத்தில்லை என்கிறார். இரு தரப்பையும் போட்டுவிட்டால் நம் கடமை முடிந்தது. இவருக்கு வழக்கறிஞர் பணம் தருகிறார் என்ற தகவல் மேடையில் சொல்லப்பட்டிருந்தால், எந்தச் சாதாரண நிருபரும் அதை முதல் பத்தியிலேயே எழுதியிருப்பார். ஆய்விதழ்க் கட்டுரையைப் படிக்க எங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், பண விவரத்தின் செய்தி மதிப்பை அறிய எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

இரு தரப்பும் என்ற அந்தப் பழக்கம் என்ன விளைவைத் தந்தது என்பதையும் பின்னர் ஆராய்ந்திருக்கிறார்கள். 2002இல் பிரிட்டனில் எம்.எம்.ஆர். செய்திகள் உச்சத்தில் இருந்தபோது கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்களிடம் கேட்டதில், ஊடகங்கள் இரு தரப்புக்கும் சம இடம் கொடுத்ததால் இரு தரப்புக்கும் சம அளவு சான்று இருக்க வேண்டும் என்று பாதிக்கும் மேற்பட்டோர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்து தொடர்பில்லை என்று கண்ட ஆய்வு அதே ஆண்டில்தான் வெளிவந்தது. பிரதமர் டோனி பிளேர் தம் கைக்குழந்தைக்கு ஊசி போட்டாரா என்ற வினாவுக்கு ஒதுக்கிய இடத்தில் சிறு பங்கையாவது நாளிதழ்கள் அதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

என் தொழிலைச் சார்ந்தவர்களை இதில் விடுவிக்க நான் விரும்பவில்லை. லான்செட் கட்டுரைக்கு முன்பே, 1997இல், வேல்ஸின் ஸ்வான்சி நகரிலிருந்து வெளிவரும் 'சவுத் வேல்ஸ் ஈவினிங் போஸ்ட்' என்ற உள்ளூர் நாளிதழ் எம்.எம்.ஆர். பற்றிய பெற்றோரின் அச்சங்களைத் தொடர் இயக்கமாகவே வெளியிட்டது. அந்நாளிதழ் விற்பனையாகும் பகுதியில் ஊசி போட்டுக்கொண்டோர் விகிதம் 13.6 விழுக்காடு சரிந்தது; வேல்ஸின் மற்றப் பகுதிகளில் சரிவு 2.4 மட்டுமே என்று 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2012-13இல் அதே ஸ்வான்சி வட்டாரத்தில் 1,200க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை எனப் பதிவானது; அவர்களில் பலர் அந்த ஆண்டுகளில் ஊசி போடாமல் விடப்பட்டு வளர்ந்த பிள்ளைகள்.

ஆனாலும் ஊடகமே எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்குகிறது என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011இல் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை மூலக் கட்டுரைகளோடும் நாளிதழ்ச் செய்திகளோடும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014இல் பி.எம்.ஜே. (பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்) இதழில் வந்தது. சுமார் 40 விழுக்காட்டுக் குறிப்புகளில் கட்டுரையில் உள்ளதைவிட மிகையான அறிவுரை இருந்தது. வெறும் தொடர்பைக் காரணமென்று சொன்ன குறிப்புகளைப் பின்பற்றி வந்த செய்திகளில் 81 விழுக்காடு அதே மிகையைச் சொல்லின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 18 விழுக்காட்டுச் செய்திகளே மிகைப்படுத்தின. அதாவது பெரும்பாலான மிகை எங்கள் மேசைக்கு வந்து சேரும்போதே அதில் இருக்கிறது. நம் ஊரில் 'ஆசியாவிலேயே முதன்முறையாக' என்று தொடங்கும் மருத்துவமனைக் குறிப்புகளை வாரந்தோறும் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் புதுமையாக இரா.

மறுமொழி 4: எண்ணும் எழுத்தும்

புள்ளியியல் துறையைச் சேர்ந்தவன். மேலே உள்ளவற்றில் எனக்கு உடன்பாடு உண்டு என்றாலும், அறிவித்துவிட்டால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்ற தொனி இவ்விழையில் எட்டிப் பார்க்கிறது. அதைச் சற்றுத் தடுக்க விரும்புகிறேன்.

2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். ஒரு ஜாடியில் எவ்வளவு பணத்துக்கு நாணயங்கள் இருக்கின்றன என்று சிலர் ஊகிக்க வேண்டும். ஜாடியை அருகில் பார்த்த வேறு சிலர் அவர்களுக்கு ஆலோசனை தர வேண்டும். ஊகிப்பவர் மிகையாக ஊகித்தால் ஆலோசகருக்கு அதிகப் பணம் என்று ஏற்பாடு. இந்த ஏற்பாடு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டபோது ஆலோசகர்கள் முன்னிலும் அதிகமாக மிகைப்படுத்தினார்கள். நான்தான் சொல்லிவிட்டேனே, இனி உன் பாடு என்ற மனநிலை போலும். கேட்டவர்களோ அறிவிப்பை அறிந்தும் போதிய அளவு கழித்துக்கொள்ளவில்லை. அறிவிப்பு வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. வழக்கில் ஊதியம் பெறும் நிபுணர், அதே வழக்குக்கு அடிப்படையாகும் ஆய்வைத் தலைமையேற்று நடத்தவே கூடாது என்று சொல்ல வேண்டிய இடத்தில், படிவத்தில் எழுதிவிட்டு நடத்தலாம் என்று சொல்வது போதாது என்பதே என் கருத்து.

இன்னொன்று, இந்த ஆயுதம் இரு பக்கமும் வெட்டக்கூடியது. 2011 ஜனவரியில் பிரையன் டியரின் கட்டுரைகளை வெளியிட்டு, வேக்ஃபீல்டின் வேலை ஒரு மோசடி என்று தலையங்கம் எழுதிய பி.எம்.ஜே. இதழே, தன் குழுமம் எம்.எம்.ஆர். தயாரிக்கும் மெர்க், ஜி.எஸ்.கே. நிறுவனங்களிடம் விளம்பர வருவாயும் நிதியாதரவும் பெறுவதை அப்போது குறிப்பிடவில்லை. பின்னர்த் திருத்தம் வெளியிட்டு அதைத் தெரிவிக்க நேர்ந்தது. அதற்காக டியரின் கண்டுபிடிப்புகள் பொய்யாகிவிடவில்லை. அவை மருத்துவப் பதிவுகளின் பலத்தில் நிற்கின்றன. ஆனால் தடுப்பூசியை நம்பாதவர்கள் அந்தத் திருத்தத்தை இன்றுவரை எடுத்துக்காட்டுகிறார்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கியதும், காலக்கெடுவை நீட்டிக்க வேண்டியிருந்ததும் இங்குள்ளோர்க்கு நினைவிருக்கும். இத்தகைய வேளைகளில் எல்லா ஆய்வாளரும் நிறுவனங்களின் ஆள் என்ற ஒற்றை வரி போதும், எந்தத் தரவையும் படிக்காமல் தள்ளிவிடலாம். ஆதாய முரண் என்பது கூர்ந்து படிப்பதற்கான காரணமாக இருக்க வேண்டும். படிக்காமல் ஒதுக்குவதற்கான அனுமதியாக அதை மாணவர்கள் எடுத்துக்கொள்ளாதபடி பேராசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும்: வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. மாதிரித் தேர்வின் சாய்வும் பணமும் ஒன்றையொன்று மறைத்தன என்ற விளக்கத்தை நான் இந்தக் கோணத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நாணய ஜாடிச் சோதனையை வகுப்பிலேயே நடத்திக் காட்ட எண்ணியிருக்கிறேன்.

பழைய நிருபர் ஐயா அவர்களிடம் ஒரு நடைமுறை ஐயம். ஆய்வாளர் சொல்லிவிட்டாலும் செய்தியில் அந்த விவரம் வருவதில்லையே? கருவி நிறுவனம் ஒன்றின் நிதியில் நடந்த ஆய்வு பற்றி எங்கள் வட்டாரத்தில் வந்த செய்திகளைத் தேடிப் பார்த்தேன். செய்திக் குறிப்பின் இறுதியில் நிதி விவரம் இருந்தது. அச்சில் வந்த எதிலும் அது இல்லை.

மறுமொழி 5: பழைய நிருபர்

இறுதியில் இருந்ததுதான் காரணம் ஐயா. பக்கத்தில் இடம் போதாதபோது உதவி ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். செய்தி எழுதும் முறையே அதற்கு ஏற்ப அமைந்தது. வெட்டுபவருக்கு அது நிதி விவரமா நன்றியுரையா என்று ஆராய நேரம் இருப்பதில்லை. வேண்டுமென்றே மறைக்க நினைப்பவரும் இந்த வழக்கத்தை அறிந்தே கடைசியில் வைப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே நிதி விவரத்தைச் செய்திக் குறிப்பின் இரண்டாம் பத்தியில், முடிவைச் சொல்லும் வாக்கியத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 'கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நிதியுதவியுடன் 60 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட இந்த ஆய்வில்' என்று தொடங்கினால், அதை வெட்ட வேண்டுமென்றால் முடிவையும் சேர்த்து வெட்ட வேண்டும். கூட்டத்தில் பேசுபவர் தம் பெயரையும் பதவியையும் சொல்லும் அதே மூச்சில் அந்த நிறுவனத்திடம் தாம் ஆலோசனைக் கட்டணமோ பயணச் செலவோ பெற்றிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆய்வில் இடம்பெறாத பரிந்துரை எதையும் நிருபர் வற்புறுத்தினாலும் மேடையில் புதிதாகச் சொல்லக் கூடாது. கட்டுரையில் இல்லாததைக் கேட்டால், கட்டுரையில் அது இல்லை என்பதே விடை. தொலைக்காட்சிக்காரர்கள் முப்பது விநாடிக்குள் கேட்பார்கள், அப்போதும் இதே விதிதான். உணவும் பரிசுப் பையும் வைத்து நிறுவனமே கூட்டத்தை ஏற்பாடு செய்வதாக இருந்தால் கல்லூரி அதில் கலந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. அங்கு வரும் நிருபரின் ஆதாய முரணைப் பற்றிப் பேச இன்னோர் இழை வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிதி விவரம் இல்லாமல் செய்தி வந்தால், மறுநாளே ஆசிரியருக்கு எழுதுங்கள். பாராட்டி வந்த செய்தியில் தமக்குப் பாதகமான விவரம் விடுபட்டுவிட்டது, சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டு ஒரு மருத்துவரும் எங்கள் மேசைக்குக் கடிதம் எழுதியதாக எனக்கு நினைவில்லை. எழுதினால் கட்டாயம் போடுவார்கள்.